அந்த நம்பரை வைப்பது யார்?

மகனுக்கு என் சலாம். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கப் போவதில்லை. அதை நேற்றே போனில் கேட்டாகிவிட்டது. நல்லாயிருக்கேன் என்று நீ சொன்னாய், நான் நம்பவில்லை, அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. இங்கே உன் அத்தாவும் என் மருமகள் நஸ்ரினும் பிள்ளையும் சுகம். பிள்ளைக்குக் கீழ் ஈறில் ஒரு பல் வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் முக்கியமான எதையாவது கேட்க நான் வாயெடுத்தால் உன் ஊரில் உடனே சிக்னல் போய்விடுகிறது. பல் முளைத்தது, திண்டுக்கல்லில் மழை பெய்தது என்று பேசும்வரை ஒரு குறையும் இல்லாமல் கேட்கிற போன், "ஏன் அப்பு, பொண்டாட்டி புள்ளைய எப்பக் கூட்டிட்டுப் போறே?" என்றதும் கரகரக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் கடிதம். நீ வேலை பார்க்கும் இடத்தின் பெயரையோ உன் மேலதிகாரியின் பெயரையோ இதில் எழுதவில்லை. யார் பிரித்துப் படிப்பார்களோ, யார் கண்டது? உறையை நானே ஒட்டி, நானே கொண்டுபோய் ஸ்பீடு போஸ்டில் போடுவேன். உன் அத்தாவிடம் கொடுத்தால் வழியில் பார்க்கிற எவனிடமாவது "இத போஸ்ட் ஆபீஸ்ல குடுத்துருப்பா" என்று நீட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

என் சந்தேகப் புத்தியை நீயும் உன் தங்கை ஷமீமாவும் சின்ன வயதிலிருந்தே கேலி செய்திருக்கிறீர்கள். பால்காரர் ஊற்றிய பாலைத் தரையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். மருந்துக் கடையில் மாத்திரை அட்டையைத் திருப்பித் தேதி பார்க்காமல் வாங்க மாட்டேன். மோட்டார் ரிப்பேர் பார்க்க வந்தவர் வேலை முடிந்தது என்று சொன்னால், மாடித் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும்வரை அவரைப் படியிறங்க விட மாட்டேன். "ஒங்கம்மா சுவர்க்கத்துக்குப் போனாக்கூட, இது அசல்தானான்னு செவுத்தத் தட்டிப் பாப்பா" என்று உன் அத்தா சொல்வார். சொல்லட்டும். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக ஓய்வு பெறும்வரை இந்தப் புத்திதான் எனக்குச் சோறு போட்டது. தேர்வில் பார்த்து எழுதியவர்களைப் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டு பெண்கள் ஒரே சரியான விடையை எழுதியிருந்தால் கண்டுகொள்ள மாட்டேன். சரியான விடை எல்லோருக்கும் ஒன்றுதான். இரண்டு பேரும் ஒரே வரியில் ஒரே தப்பைச் செய்திருந்தால் போதும், யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று விசாரிக்கக் கிளம்பிவிடுவேன்.

உனக்கு அந்த ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தபோது தெருவில் ஆளுக்கொரு பேச்சு. எதிர்வீட்டு மாமி, "ஏம்மா, ஒம்மவன் குண்டு செய்யவா போறான்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வாசற்கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் உன்னை விடவில்லை. அங்கே என்னதான் செய்யப் போகிறாய் என்று நச்சரித்தேன். நீ சமையலறைக்கு வந்து, அடுப்பிலிருந்து இறக்கி வைத்த சோற்றுத் தேக்சாவைக் காட்டினாய். "அடுப்ப அணச்சதும் இது ஆறிருச்சா? உள்ள சூடு இருந்துக்கிட்டேதான இருக்கு. அணு உலையும் அப்டித்தாம்மா. நிறுத்துன பெறகும் சூடு வந்துக்கிட்டே இருக்கும். அத எடுக்கத் தண்ணி ஓடணும். தண்ணிய ஓட்ட பம்பு வேணும். ஒண்ணு நின்னா இன்னொண்ணு, அதுவும் நின்னா மூணாவது."

"மூணும் நின்னா?"

"அதத்தாம்மா நான் பாக்கப் போறேன்."

"எப்படிப் பாப்பே? நிப்பாட்டிப் பாப்பியா?"

நீ சிரித்தாய். "நெசமா நிப்பாட்டி, உருக விட்டா பாக்க முடியும்? கம்ப்யூட்டருக்குள்ள ஒரு உலையக் கட்டி, அதுல நிப்பாட்டிப் பாப்போம். லச்சம் தடவகூட நிப்பாட்டலாம். ஒரு ஈ எறும்புக்குக் காயம் படாது."

எனக்கு அது ருசிக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொன்னேன். நீ பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனாய். பிறகு தனியாக உட்கார்ந்து யோசித்தபோது உன் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. புயல் எங்கே கரை ஏறும் என்று முன்கூட்டிச் சொல்வதும் இந்த வித்தைதானே. புயலை வரவழைத்துப் பார்த்தா படிக்க முடியும்? நிஜத்தில் செய்து பார்க்கவே கூடாத காரியங்கள் உலகத்தில் இருக்கின்றன என்பதை ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒப்புக்கொள்வது ஒன்று, நம்புவது இன்னொன்று. "கம்ப்யூட்டருக்குள்ள இருக்குறதும் வெளிய இருக்குறதும் ஒரே மாதிரிதான் சூடேறும்னு எப்படித் தெரியும்?" என்று மறுபடி குடைந்தேன். சின்ன அளவில் நிஜமாகவே செய்து பார்த்த சோதனைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றாய். பதில் சரியாக இருந்தது. கொஞ்ச காலம் உன்னைச் சும்மா விட்டேன்.

அப்புறம் ஷமீமா கல்யாணம் வந்தது. விருந்துக்கு எத்தனை பேர் வருவார்கள், எத்தனை தேக்சா பிரியாணி இறக்குவது என்று சமையல் பண்டாரி ஜப்பார் பாய் வந்து உட்கார்ந்து உன் அத்தாவிடம் பேசிக்கொண்டிருந்தார். லீவில் வந்திருந்த நீ லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நடுவில் புகுந்தாய். அழைத்த வீடுகளையெல்லாம் அதில் ஏற்றினாய். இந்த வீட்டார் வர எவ்வளவு வாய்ப்பு, வந்தால் எத்தனை பேர் என்று எங்கள் இருவரையும் கேட்டுக் கேட்டுப் போட்டாய். உன் கம்ப்யூட்டர் அந்தக் கல்யாணத்தை ஆயிரக்கணக்கான தடவை நடத்திப் பார்த்தது. எனக்கு ஒரு தடவை நடத்தவே மூச்சு முட்டியது. எத்தனை தடவை நடத்தினாலும் கூட்டம் ஒரு சின்ன எல்லைக்குள்ளேயே நின்றது. "இதுக்கு மேல போகாது, இதுக்குக் கீழயும் எறங்காது" என்று அடித்துச் சொன்னாய். ஜப்பார் பாய் மனக்கணக்காகப் போட்டு வைத்திருந்ததும் ஏறக்குறைய அதேதான். இரண்டும் ஒத்துப்போனதில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும், இவ்வளவு ஒத்துப்போகிறதே என்று உறுத்தியது. உறுத்தியதே தவிர, என்ன தப்பு என்று அப்போது எனக்கும் தெரியவில்லை.

கல்யாணத்தன்று காலையில் உஸ்தாத் மௌத்தாகிவிட்டார். உன் அத்தாவுக்கும் உனக்கும் ஷமீமாவுக்கும் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தவர். நம் தெருவில் மட்டுமா, பேகம்பூரில் சுற்றிலும் அவரிடம் ஓதாத வீடு எது? மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா, அடக்கம் என்று பள்ளிவாசல் மைக்கில் சொன்னார்கள். நம் விருந்தும் அதே நேரம்தான். நிக்காஹ் முடிந்து பந்தியில் இலை போட்டால் உட்கார ஆளில்லை. மாப்பிள்ளை வீட்டாரும், சின்னாளப்பட்டியிலிருந்து வந்திருந்த உன் அத்தாவின் கூட்டாளிகளும் மட்டும்தான் இருந்தார்கள். மற்ற ஆண்கள் எல்லோரும் கபர்ஸ்தானுக்கு, பெண்கள் மையத்து வீட்டுக்கு. உன் அத்தாவே மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தோள் கொடுக்க ஓடினார். யாரையும் குறை சொல்வதற்கில்லை. நான் ஆணாக இருந்தால் எனக்கு முன்னால் யாரும் ஓடியிருக்க முடியாது. மூடி திறக்காத தேக்சாக்களை வண்டியில் ஏற்றி மதரஸாவுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் அனுப்பினோம். ஷமீமா உஸ்தாதுக்காகவும் அழுதாள், காலி நாற்காலிகளுக்காகவும் அழுதாள்.

நீ அசடு வழிவாய் என்று எதிர்பார்த்தேன். அன்று சாயங்காலம், கல்யாணப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, நீ எனக்குப் பாடம் நடத்தினாய். "ஒவ்வொரு வீடும் தனித்தனியா முடிவெடுக்கும்னு கணக்குப் போட்டுட்டேம்மா. ஒரே காரணத்துக்காக அம்புட்டுப் பேரும் சேந்து வராமப் போவாங்கன்னு போடல. எங்க வேலையில இதுதான் பெரிய தலவலி. மூணு பம்பு இருந்தா மூணும் தனித்தனியாத்தான் கெடும்னு சொல்ல முடியாது. ஒரே கம்பெனி பம்பு, ஒரே ஆளு மாட்டுன வயரு, ஒரே வெள்ளம். மூணும் ஒண்ணா படுத்துரும்."

"தெரிஞ்சிருக்குல்ல? அப்ப அதுக்கு என்ன செய்வீக?"

"அதுக்குன்னு கணக்குல ஒரு நம்பர் வப்போம். இத்தன தடவ கெட்டா, அதுல இத்தன தடவ சேந்து கெடும்னு."

"அந்த நம்பர யாரு வப்பா? கம்ப்யூட்டரா?"

"இல்லம்மா, நாங்கதான். முன்னாடி நடந்ததயெல்லாம் பாத்து, வெவரம் தெரிஞ்சவங்க உக்காந்து பேசி வைக்கறது."

அதோடு கம்ப்யூட்டர் மேல் எனக்கிருந்த சந்தேகம் தீர்ந்துபோனது. பாவம், அது என்ன செய்யும்? போட்டதைக் கூட்டிக் கழித்து ராப்பகலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. உட்கார்ந்து பேசுகிறவர்கள் மேல்தான் என் சந்தேகம் முழுவதும் திரும்பியது. பள்ளிக்கூடத்தில் எத்தனை கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். முடிவு என்னவாக வர வேண்டும் என்று முதலிலேயே தெரிந்துவிட்டால், அங்கே உட்கார்ந்திருக்கிற நல்லவர்களும் அதற்கேற்ற மாதிரி பேசத் தொடங்கிவிடுவார்கள். அதில் ஒருவர்கூடப் பொய் சொல்லியிருக்க மாட்டார்.

பிள்ளை பிறந்து, நஸ்ரின் நெய்க்காரப்பட்டியில் தாய்வீட்டில் நாற்பது நாளும் கழித்து இங்கே வந்தாள். முடி இறக்கி அகீகா கொடுத்தோம். நீ அதற்கு வந்தபோதே மூன்று பேரும் திரும்பிப் போக ரயில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தாய். குவார்ட்டர்ஸில் தொட்டில் கட்டக் கொக்கிகூட அடித்துவிட்டேன் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாய். அன்று சாயங்காலம் அஸர் நேரத்தில் நான் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நீ போனில் பேசிக்கொண்டிருந்தாய். ஒட்டுக்கேட்டாயா என்று கேட்டால், ஆமாம், கேட்டேன். பாதி இங்கிலீஷில் போனாலும் மீதி தமிழ்தானே. "அந்த நம்பரக் கொறச்சா ரிசல்ட் வரம்புக்குள்ள வந்துரும் சார், புரியுது. ஆனா எந்த ஆதாரத்த வச்சுக் கொறைக்கறது?" என்றாய். பிறகு எதிர்முனைதான் வெகுநேரம் பேசியது. "சரி சார். ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ பாத்துர்றேன் சார்" என்று முடித்தாய். துணிக்கொடியைத் தாண்டி நீ வந்தபோது உன் முகத்தைப் பார்த்தேன்.

"என்னா அப்பு?"

"ஆபீஸ் விசயம்மா. ஒண்ணுமில்ல."

மறுநாள் காலையில் நஸ்ரின் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு நீ மட்டும் ரயிலேறினாய். குவார்ட்டர்ஸில் பெயின்ட் அடிக்கிறார்களாம், வாடை பிள்ளைக்கு ஆகாதாம். பெயின்ட் காய்ந்திருக்க வேண்டிய காலத்தில் அங்கே வெயில் தாங்கவில்லை என்றாய். வெயில் தணிந்ததும் தடுப்பூசி முடியட்டும் என்றாய். உன் ஊரில் பிறக்கிற பிள்ளைகளுக்கு யாரும் தடுப்பூசி போடுவதில்லையா? நஸ்ரின் முதலில் நீ சொன்னதையெல்லாம் நம்பினாள். போன வாரம் ஒரு மத்தியானம் வெஞ்சனத்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே, "ஏனுங்க மாமி, பொட்டப்புள்ளையாப் போச்சுன்னு அவருக்கு மனசுல ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு அழுதாள். உன் அத்தாவிடம் சொன்னால், "அவன் படிச்சவன், அவனுக்குத் தெரியாதா? பெயின்ட்டு காயட்டும்" என்கிறார். மாதக்கணக்காகக் காயாத பெயின்ட்டை நம்புவதற்கு இந்த ஊரில் அவர் ஒருவர் போதும்.

என் புத்தியும் முதலில் கோணல் வழியில்தான் போனது. அங்கே வேறு யாராவது பெண் இருக்கிறாளோ என்று நினைத்துவிட்டேன். அல்லாஹ் மன்னிக்கட்டும், நீயும் மன்னித்துக்கொள். நீ வீடியோவில் வரும்போதெல்லாம் நான் உன்னைப் பார்க்கவில்லை, உன் பின்னால் இருந்த சுவரைத்தான் பார்த்தேன். அதே மங்கிய பச்சை, ஜன்னலோரத்தில் அதே தண்ணீர்க் கறை. பெயின்ட்காரன் அந்த வீட்டு வாசலைக்கூட மிதித்திருக்கவில்லை. உன் சட்டைகள் நாற்காலியில் மலையாகக் குவிந்து கிடந்த லட்சணத்தைப் பார்த்ததும், அங்கே பெண் யாரும் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. அப்புறம்தான் எனக்குள் இருக்கும் கணக்கு டீச்சர் விழித்துக்கொண்டாள். டிக்கெட் எடுத்தது அந்த போன் வருவதற்கு முன்னால். ரத்து செய்தது போன் வந்த மறுநாள். நடுவில் மாறியது வேறு எதுவும் இல்லை.

நீ பயந்துவிட்டாய், மகனே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டுமானால் நீ உன் அத்தாவுக்கு மட்டும் பிள்ளையாகப் பிறந்திருக்க வேண்டும். எனக்கும் பிறந்து தொலைத்துவிட்டாய். அந்த உலை கெட்டுப்போகும் என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்ல எனக்கு என்ன தெரியும்? ஒரு கோளாறும் இல்லாமல் அது உன் காலம் முழுக்க ஓடலாம். உன் மேலதிகாரி சொல்கிற நம்பரே சரியாகக்கூட இருக்கலாம். ஊரையெல்லாம் சந்தேகப்படுகிறவள் தன் சந்தேகத்தையும் ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டேன். ஆனால் நீ அந்த நம்பரை நம்பவில்லை. நம்பியிருந்தால் என் பேத்தி இந்நேரம் உலைக்குப் பக்கத்திலிருக்கும் அந்தக் குவார்ட்டர்ஸில், நீ அடித்த கொக்கியில் தொங்குகிற தொட்டிலில் தூங்கிக்கொண்டிருப்பாள். மடியில் கனமில்லாதவன் இத்தனை சாக்குச் சொல்ல மாட்டான். எனக்கும் பயமாக இருக்கிறது. உலையை நினைத்து வந்த பயத்தைவிட, நீ இதற்குப் பழகிவிடுவாயோ என்ற பயம் பெரிதாக இருக்கிறது.

மறுத்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பதவி உயர்வு தள்ளிப்போகும். ஒத்துழைக்காதவன் என்று பேர் வரும். யாரும் எட்டிப் பார்க்காத ஏதாவது ஒரு பிரிவில் உட்கார வைப்பார்கள். தேர்ச்சி விகிதம் குறைகிறது, கொஞ்சம் தாராளமாகத் திருத்துங்கள் என்று எங்கள் தலைமையாசிரியை சொன்னபோது நான் முடியாது என்றேன். அந்த வருஷம் முழுக்க மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியடுகளாகப் பார்த்து எனக்குப் போட்டார். தூங்கி வழிகிற பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா நடத்திக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனாலும் வீட்டுக்கு வந்து சாப்பிட்ட சோறு செரித்தது. உன்னைச் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. பத்திரிகைக்காரர்களிடம் போ என்றும் சொல்லவில்லை. குறைத்த நம்பரைப் போட்டால் என்ன வருகிறது, குறைக்காமல் போட்டால் என்ன வருகிறது, குறைப்பதற்கு என்ன ஆதாரம் கொடுத்தார்கள், இதை மட்டும் உன் பெயரோடு எழுதி வை. படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டியவர்கள் எடுக்கட்டும். வேலையே போனாலும் வீடு இருக்கிறது, வா. உன்னைப் பெற்றதில் எனக்கு ஒரு நாளும் வருத்தம் வந்ததில்லை, இனியும் வர விட்டுவிடாதே.

நேற்று நீ பேசிக்கொண்டிருந்தபோது உன் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. டிவியா என்று நஸ்ரின் கேட்டாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பிள்ளை, தாயும் பிள்ளையும் இப்போதுதான் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று சொன்னாய். சொன்ன கையோடு சிக்னல் போய்விட்டது. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளையின் தகப்பன் உன்னோடு ஒரே கேன்டீனில் டீ குடிக்கிறவனாகத்தான் இருப்பான். தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும்போது உன்னிடம் காட்டியிருப்பான். நீயும் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சியிருப்பாய். அவனிடம் பெயின்ட் வாடை என்று ஒரு வார்த்தை சொன்னாயா?

ஷமீமாவிடம் சொல்லி எனக்கும் நஸ்ரினுக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன், பிள்ளை மடியில் வரும். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாயங்கால ரயில். இந்தக் கடிதம் அதற்கு முன்னாலேயே உன் கைக்கு வந்துவிடும். வாங்க என்று சொன்னாயானால் நாங்கள் வந்து அங்கேயே இருக்கிறோம். நீ கையெழுத்துப் போட்டுக்கொள், நான் ஒரு கேள்வி கேட்க மாட்டேன். வர வேண்டாம் என்று சொல்வதானால், ஏன் வேண்டாம் என்பதை எனக்குச் சொல்லாதே. அதை அந்த ரிப்போர்ட்டில் எழுது.

அம்மா